வள்ளிமயிலும் மாறுகண் வண்டியும்

வள்ளிமயிலைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் கண்ணில்தான் ஆரம்பிப்பார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் அவள் கையில் ஆரம்பிக்கிறேன்.

கோவில்பட்டியில் எட்டயபுரம் சாலையில் அவளுடைய தாய்மாமன் லிங்கராஜின் டிங்கரிங் பெயிண்டிங் பட்டறை இருக்கிறது. அதை ஒட்டினாற்போல் என் சீட் கவர் கடை. என் பெயர் ஆவுடைத்தாய். இடிபட்டு வரும் வண்டிகள் பட்டறையில் நிமிர்ந்து, வர்ணம் பூசிக்கொண்டு, கடைசியாக என்னிடம் வரும். அதனால் வள்ளிமயில் வேலை செய்வதை எட்டு வருஷமாகப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். பள்ளத்தை நிரப்பப் பட்டி வைத்துத் தேய்த்த இடத்தை உள்ளங்கையால் ஒரு தரம் தடவுவாள். "மாமா, இங்கன இன்னும் ஒரு மேடு இருக்கு" என்பாள். லிங்கராஜ் குனிந்து பார்ப்பார், ஒன்றும் தெரியாது. பெயிண்ட் அடித்துக் காய்ந்த பிறகு வெயிலில் அந்த மேடு பல்லை இளிக்கும். நாலைந்து தடவை இப்படிப் பட்ட பிறகு அவர் அவளோடு வாதாடுவதை விட்டுவிட்டார். விட்டுவிட்டார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

நிறம் கலப்பது அதைவிடப் பெரிய வித்தை. வெயிலில் கிடந்து வெளுத்த வேனுக்குக் கதவு மட்டும் புதிதாக அடித்தால், பழைய வேட்டியில் புதுத்துணி ஒட்டுப் போட்ட மாதிரி தெரியும். கம்பெனிக்காரன் கொடுக்கிற நம்பரை நம்பிக் கலந்தால் சேரவே சேராது. இவள் ஒரு துளி மஞ்சள், ஒரு துளி கறுப்பு என்று விட்டு விட்டுக் கலக்கி, தகரத் துண்டில் அடித்து, வெயிலில் ஒரு தரம், நிழலில் ஒரு தரம் பிடித்துப் பார்ப்பாள். சாத்தூரிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் அவளைத் தேடி வண்டி வருகிறது. இவ்வளவையும் பார்த்துச் சொல்வது ஊரார் குறை சொல்கிற அதே கண்தான்.

சரி, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அவளுக்கு மாறுகண். இடது கண் மூக்குப் பக்கமாகக் கொஞ்சம் ஒதுங்கியிருக்கும். இரண்டு கண்ணிலும் பார்வை சரியாக இருக்கிறது என்று மதுரையில் டாக்டரே சொல்லிவிட்டார். புதூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். அப்பா சிவனாண்டிக்கு மானாவாரி நிலம். மழை பெய்தால் உளுந்து, பெய்யாவிட்டால் கிடைத்த வேலை. அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரே, "ஏட்டி, நீ என்னயப் பாக்கியா, பக்கத்துல இருக்கவளப் பாக்கியா?" என்று கேட்பாராம். வகுப்பே சிரிக்குமாம். படிப்புச் சொல்லிக்கொடுக்க வந்த மனிதன் பேசுகிற பேச்சா இது? நானாக இருந்தால் சிலேட்டை எறிந்திருப்பேன்.

பதினாறு வயதில் அவளே வாய்விட்டு அப்பாவிடம் கேட்டிருக்கிறாள், ஆபரேஷன் செய்துவிடுங்கள் என்று. உளுந்து வீட்டுக்கு வரட்டும் என்றார் சிவனாண்டி. உளுந்து வந்தது, போனது. அடுத்த வருஷம் என்றார். மூன்று வருஷம் இப்படியே கழிந்த பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். ப்ளஸ் டூ முடித்துத் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனாள். அங்கேயும் அதே கேலி. ஒருநாள் கையிலிருந்ததை அப்படியே போட்டுவிட்டு எழுந்து நேரே மாமன் பட்டறைக்கு வந்து நின்றாள். இப்போது இருபத்தெட்டு வயது. கண்ணாடியைப் பார்த்து மூக்கைச் சிந்துகிற பெண்ணெல்லாம் இல்லை. "எனக்கு இது பழகிப்போச்சு சித்தி. பாக்கவியளுக்குத்தான் இன்னும் பழகல" என்பாள் என்னிடம்.

பெண் பார்க்க மூன்று இடத்திலிருந்து வந்தார்கள். மூன்று கூட்டமும் வடையும் காபியும் சாப்பிட்டுவிட்டுப் போய், ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பியது. ஜாதகத்தைப் பார்த்துவிட்டுத்தானே ஐயா வந்தீர்கள்? வடையைத் தின்ற பிறகா கிரகம் இடம் மாறியது?

நாலாவது இடம் நான் கொண்டுவந்தது. நாகலாபுரத்துக் காளிராஜ், எங்களுக்குத் தூரத்து உறவு. முப்பத்து நாலு வயது, முன்மண்டை பாதி காலி. எட்டு வருஷம் இங்கிலாந்தில் வேலை பார்த்துவிட்டு வந்து இப்போது மக்காச்சோள வியாபாரம் பார்க்கிறான். அவன் அம்மா வெயிலுகந்தம்மாள் ஐந்து வருஷமாகப் பெண் தேடிச் சலித்திருந்தாள். வந்தார்கள், பார்த்தார்கள். போகும்போது அவள் சிவனாண்டியை ஓரமாகக் கூப்பிட்டு, "பிள்ளைய எங்களுக்குப் பிடிச்சிருக்கு. அந்தக் கண்ண மட்டும் மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி நேராக்கிருங்க. தையில கல்யாணத்த வச்சுக்கிடுவோம்" என்றாள். சிவனாண்டி கையெடுத்துக் கும்பிட்டார். மறுநாளே மதுரை ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கார்த்திகையில் ஆபரேஷனுக்கு ஒரு நாள் வாங்கிவிட்டார். அம்மா பேசும்போது காளிராஜ் பக்கத்தில்தான் நின்றான். வேணும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வள்ளிமயில் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னிடம் மட்டும் வந்து, "யோசிக்கணும் சித்தி" என்றாள். யோசிக்க என்னட்டி இருக்கு என்று நான் ஒரு அதட்டுப் போட்டேன். இந்த இடமும் தட்டிப்போனால் என்ன செய்வது என்ற பயம் எனக்கு.

ஐப்பசி மழை பிடித்த வாரத்தில் லாரியில் ஏற்றிக் கட்டிக்கொண்டு ஒரு வண்டி பட்டறைக்கு வந்தது. காளிராஜின் வண்டி. யாரோ இறக்குமதி செய்து வைத்திருந்ததைப் பெங்களூரில் தேடிப் பிடித்து வாங்கியிருந்தான். இங்கிலாந்தில் செய்தது. இரண்டே பேர் உட்காரலாம். மழை பெய்த மறுநாள், கரிசலில் வைத்துப் போட்டோ எடுக்கப் போகிறேன் என்று அதைக் காட்டுப்பாதையில் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறான். கரிசல் சகதி டயரில் அப்பி, உருண்டு, மட்கார்டுக்குள் ஏறி அடைத்துக்கொண்டது. இந்த ஊரில் சைக்கிள் ஓட்டுகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும், இறங்கிக் குச்சியால் நோண்டி எடுத்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும் என்று. இவன் அப்படியே கொண்டுபோய் நிறுத்திவிட்டான். இரண்டு நாள் வெயிலில் அது கல்லாக இறுகியது. மூன்றாம் நாள் வண்டியை வேகமாக எடுத்து முறுக்கித் திருப்பியதில் இடது மட்கார்டு விளிம்பு கிழிந்துவிட்டது.

லாரியிலிருந்து இறக்கியதும் நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். அழகான வண்டிதான், இல்லை என்று சொல்ல முடியாது. பார்வைக்கு வெள்ளைக்காரத் துரை காலத்து வண்டி. உள்ளே இருப்பது இந்தக் காலத்து இன்ஜின். பானெட் நீண்டு கிடந்தது, அதன்மேல் வரிசையாகக் காற்றுப் போக வெட்டிய கீற்றுகள். இப்போது வரும் கார்களில் மட்கார்டு உடம்போடு ஒன்றாகிவிடுகிறதே, இதில் தனியாகப் பிரிந்து, முன்சக்கரத்தின்மேல் எழும்பி, கதவு வரைக்கும் சரிந்து இறங்கியது. உட்காரும் இடம் பின்சக்கரத்தை ஒட்டித் தள்ளி இருந்தது. மேலே அலுமினியத் தகடு, உள்ளே மரச்சட்டம் என்று கண்டுபிடித்து வள்ளிமயில் சொன்னதும், லிங்கராஜ் நம்பாமல் படுத்து உள்ளே பார்த்தார். முன்னால் நெட்டுக்குத்தாக ஒரு பழங்காலத்துக் கிரில். அதற்கு இரண்டு பக்கமும் வட்டமாக ஹெட்லைட். அந்த இரண்டு ஹெட்லைட்டும் ரோட்டைப் பார்க்காமல் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தன.

மாறுகண்ணேதான். எல்லோரும் வள்ளிமயில் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டோம். அவள்தான் சிரித்தாள். "என்ன மாமா, எனக்குக் கூடப் பிறந்தது மாதிரி இருக்கு" என்றாள்.

லிங்கராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. காளிராஜ் வியாபார விஷயமாக வெளியூர் போயிருந்தான். போனில், மட்கார்டைச் சரி பண்ணி வையுங்க அண்ணாச்சி, பத்து நாளில் வாரேன் என்று மட்டும்தான் சொல்லியிருந்தான். அந்த விளக்கைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. லிங்கராஜ் அன்று மத்தியானம் முழுக்க வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் சிவனாண்டியையும் என்னையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு பேசினார்.

"பொண்ணுக்கே கண்ணு நேரா இருக்கணும்னு கண்டிஷன் போட்டவிய அவிய. சொந்த வண்டி இப்படி முழிச்சா சும்மா இருப்பாவளா? சகதியில மாட்டி இழுத்ததுலதான் திரும்பியிருக்கு. அவிய வாயால சொல்லட்டும்னு காத்திருக்கது மரியாதை இல்ல. நம்மளே நேராக்கிக் குடுத்திருவோம்."

"வேண்டாம் மாமா" என்றாள் வள்ளிமயில். அவள் ஏற்கெனவே கிரிலின் நடுவில் ஒரு நூலை ஒட்டி, இரண்டு பக்கமும் இழுத்து அளந்திருந்தாள். "இடிச்சதுன்னா ஒரு பக்கந்தான் மாறும். இது ரெண்டு பக்கமும் ஒரே அளவு, ஒரு நூல் பிசகல. இதச் செஞ்சவன் வேணும்னே இப்படி வச்சிருக்கான். மட்கார்டு எங்கன எந்திரிச்சு எங்கன போயி முடியுதுன்னு பாருங்க, அந்த ஓட்டம் அப்படியே விளக்கு வழியா மூக்குக்கு வருது. விளக்க நேராத் திருப்பினா அது அறுந்துரும். அவியகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்க."

"மாப்பிள்ளைக்குப் போனப் போட்டு, உம்ம வண்டிக்கு மாறுகண்ணுன்னு சொல்லச் சொல்லுதியா?" என்று லிங்கராஜ் எகிறினார்.

"மாமா சொல்லுததக் கேளுட்டி" என்றார் சிவனாண்டி. நானும் அதுதானே என்று தலையை ஆட்டினேன். ஆட்டினதை இங்கே மறைக்கப்போவதில்லை.

லிங்கராஜ் கைத்திறமையைக் குறை சொல்ல முடியாது. கிழிசலைச் சேர்த்துத் தட்டி, இருந்த இடம் தெரியாமல் ஆக்கினார். பிறகு அலுமினியத்தில் ஒரு பக்கம் தடிப்பும் ஒரு பக்கம் மெலிசுமாக இரண்டு வளையம் வெட்டினார். விளக்குக் குழியின் உதட்டை அரத்தால் ராவி, வளையத்தைக் கொடுத்து, இரண்டு விளக்கையும் ரோட்டைப் பார்க்கத் திருப்பினார். இடைவெளியில் பட்டி வைத்தார். வள்ளிமயில் வண்டியின் மங்கல் பச்சை நிறத்தைக் கலந்து கொடுத்தாள். வேலை முடிந்து வெயிலில் தள்ளி நிறுத்தியபோது, ஆதார் அட்டைக்குப் போட்டோ எடுக்க உட்கார்ந்த ஆள் மாதிரி அந்த வண்டி விறைத்துக்கொண்டு நின்றது. எங்கோ பார்த்த மாதிரியும் இருந்தது, எதைப் போலவும் இல்லை. லிங்கராஜுக்கு மட்டும் பெருமை தாங்கவில்லை.

காளிராஜ் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தான். பட்டறை வாசலில் கால் வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"என்ன பண்ணி வச்சிருக்கீரு?"

"நேராக்கியிருக்கேன் தம்பி. இதுக்குத் தனியா ஒண்ணும் வேண்டாம், நம்ம வீட்டு வேலை..."

"யார்ட்டவே கேட்டு அது மூஞ்சில கை வச்சீரு?" ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்தினான். "அந்தப் பார்வதான்வே இந்த வண்டி! இங்கிலாந்துல இதப் பாத்துச் சிரிக்கவனும் உண்டு, இதுக்காவே தேடி அலையுதவனும் உண்டு. நான் தேடி அலஞ்சவன். அத நேராக்கணும்னா எனக்கு ஆக்கத் தெரியாதா? அது பொறந்தது அப்படி. அதுல இருக்க அழகு தெரியலன்னா தொடாம இருக்கணும். கேக்காம கை வைக்க நீரு யாரு?"

"உசிரா வச்சிருந்தானே எம்பிள்ள" என்று வெயிலுகந்தம்மாள் மூக்கை உறிஞ்சினாள்.

நான் அந்த அம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது உறைக்கிறதா என்று பார்த்தேன். ஒன்றும் உறைக்கவில்லை. மகனுக்கும் உறைக்கவில்லை. இரண்டு பேரும் மனதறிந்து சொன்ன பேச்சுதான், நடிப்பில்லை. அதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. தகரத்துக்கு அழகென்று தெரிந்தது, தாலி கட்டப்போகிறவளுக்குக் குறையென்று தெரிந்தது. இரண்டையும் ஒரே ஆள்தான் பார்த்தான், ஒரே ஜோடிக் கண்ணால்.

"ஒங்களுக்குப் பிடிக்காதோன்னு நெனச்சுத்தான் தம்பி..." என்று இழுத்தார் லிங்கராஜ். அறுபது வயது மனிதர், கையெடுத்துக் கும்பிட்டு, "தப்புதான், மன்னிச்சிருங்க" என்றார்.

உள்ளேயிருந்து வள்ளிமயில் வந்தாள். "பழையபடி வச்சுத் தாரேன். நாலு நாள் ஆகும்."

"ஒரு நூல் பிசகக் கூடாது" என்றான் காளிராஜ், அவளைப் பார்க்காமல்.

"பிசகாது. பிரிக்கதுக்கு முன்னாலயே அளந்து எழுதி வச்சிருக்கேன்."

நாலு நாளும் அவள் ஒருவரையும் கிட்டே விடவில்லை. பட்டியைச் சுரண்டி எடுத்து, ராவிப்போன உதட்டுக்குத் தகடு வைத்து, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துப் பழைய வளைவைத் திரும்பக் கொண்டுவந்தாள். நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தபோது ஒருதரம் மட்டும் பேசினாள்.

"இத வரஞ்சவன் கெட்டிக்காரன் சித்தி. பழைய வண்டிய அப்படியே காப்பி அடிச்சிருந்தான்னா கொலுபொம்மை மாதிரி இருந்திருக்கும். ஒழுங்கா நேரா வச்சிருந்தான்னா பத்தோட பதினொண்ணு. இந்த ரெண்டு விளக்குலதான் இது ஒரு ஆளா நிக்குது. எல்லாரும் சிரிப்பாவன்னு அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிஞ்சேதான் வச்சிருக்கான்."

டீ ஆறுதுட்டி என்றேன்.

ஐந்தாம் நாள் காலையில் அவர்கள் வந்தார்கள். சிவனாண்டியும் ஊரிலிருந்து வந்திருந்தார். காளிராஜ் வண்டிக்கு முன்னால் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தான். இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது. "ஆங், இப்பத்தான் என் வண்டி. இதான் லட்சணம்" என்று செல்போனை எடுத்துப் படம் பிடித்தான். வெயிலுகந்தம்மாள் மகன் சந்தோஷத்தைப் பார்த்துத் தானும் குளிர்ந்துபோய் வள்ளிமயில் கன்னத்தைத் தடவினாள்.

"கைகாரிதான் நீ. கார்த்திக பதினொண்ணு மதுரைக்குப் போவணும்லா, அதுக்கப்புறம் ஒரு மாசம் இந்தத் தூசிக்குள்ள வராத."

"நான் மதுரைக்குப் போகல அத்த."

"ஏன், நாள மாத்திட்டாவளா?"

"நாள மாத்தல. ஆபரேஷனே கிடையாது."

காளிராஜ் எழுந்தான். "அதுல பயப்பட ஒண்ணுமில்ல. இப்பல்லாம் சின்ன விஷயம்" என்றான். ஆபரேஷன் பேச்சில் அவன் வாய் திறந்தது அதுதான் முதல்முறை.

"பயந்து சொல்லல" என்றாள் வள்ளிமயில். குரல் உயரவில்லை. "எங்க மாமா ஒங்க வண்டி மூஞ்சில கேக்காம கை வச்சாவ. அதுக்கு ரோட்டுல போறவிய பாக்க ஒங்களக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டாவ. எம் மூஞ்சில கை வைக்க நீங்க நாளே குறிக்க வச்சிட்டிய. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?"

"நான் ஆபரேஷன் வேணும்னு சொல்லலயே."

"வேண்டாம்னும் சொல்லலயே. வண்டிக்கு மட்டும் அவ்வளவு சத்தம் போடத் தெரிஞ்சுது."

வெயிலுகந்தம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "வண்டியும் பொண்ணும் ஒண்ணாட்டி?"

"ஒண்ணில்லத்த. வண்டிக்கு வாயில்ல, அதுக்காவ ஒங்க மகன் பேசுனாவ. எனக்கு வாயிருக்கு, நானே பேசுதேன். கண்ண நேராக்கினாத்தான் கல்யாணம்னா எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்."

காளிராஜ் அவள் முகத்தை அப்போதுதான் நேராகப் பார்த்தான். என்னவோ சொல்ல வாயெடுத்தான். அம்மா கையைப் பிடித்து இழுத்தாள். அவனும் போனான். முப்பத்து நாலு வயதுக் கடோத்கஜன், அம்மா இழுத்த இழுப்புக்குப் போய் உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினான். அந்தச் சத்தம் பஜார் திரும்பும் வரைக்கும் கேட்டது.

"இப்படி மூஞ்சில அடிச்ச மாதிரிப் பேசிட்டியேட்டி" என்று சிவனாண்டி தலையில் கை வைத்தார். "இனி எவன் வருவான்?"

வள்ளிமயில் அப்பா பக்கம் திரும்பினாள். அதுவரை வராத அழுகை அவளுக்கு அப்போதுதான் வந்தது.

"அவிய அந்நியம்ப்பா. அவிய கேக்கலன்னா போயிட்டுப் போறாவ. பதினாறு வயசுல ஆபரேஷன் வேணும்னு ஒங்ககிட்ட வந்து நின்னேன், நீங்க செய்யல. இப்ப நான் கேக்கல, நீங்க கும்பிட்டுட்டு நாள் வாங்கிட்டிய. இந்தப் பன்னெண்டு வருசத்துல ஒருநாளாவது, ஒனக்கு என்ன வேணும்னு எங்கிட்ட கேட்டியளா?"

சிவனாண்டி தரையைப் பார்த்தார். லிங்கராஜ் கையிலிருந்த சுத்தியலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

அடுத்து அவள் என் பக்கம்தான் திரும்புவாள் என்று எனக்குத் தெரிந்தது. அந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவள் நான், யோசிக்கணும் என்று சொன்னபோது அதட்டியவளும் நான். திரும்புவதற்குள் என் கடைக்குள் போய்விட்டேன்.